கழற்றி மாட்டும் சுவர்

வீட்டைச் சின்னதாக்கலாம். கட்டிலை, வாளியை, கொடியில் காயும் துப்பட்டாவைக்கூடச் சின்னதாக்கலாம். தண்ணீரை மட்டும் சின்னதாக்க முடியாது. எவ்வளவு சின்னத் தொட்டியில் ஊற்றினாலும் சொட்டு, சொட்டின் அளவில்தான் இருக்கும். அரைச்சாண் உயரப் பெண்ணின் தலையில் எலுமிச்சம்பழம் போலச் சொட்டு விழுந்தால், பார்க்கிறவனுக்கு உடனே இது பொம்மை விளையாட்டு என்று தெரிந்துவிடும். எங்கள் இறுதியாண்டுப் படத்தின் முதல் நான்கு மாதங்களை அந்தச் சொட்டுதான் தின்றது.

நாங்கள் மூன்று பேர். மெர்லின் கட்டுகிறவள். அவள் நகத்தில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். இஷாக் கேமரா. நான் தாரணி, கம்ப்யூட்டர். வீடு நிஜமாக மேசைமேல் நிற்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில். தண்ணீரும் நிஜமாக ஏறும். அதன் மேற்பரப்பையும் சொட்டையும் மட்டும் என் கம்ப்யூட்டர் மாற்றி வரையும். படம் எடுத்து முடித்து ஆறு மாதம் உட்கார்ந்து ஒட்டுகிற வேலையல்ல இது. இஷாக் கேமராவைத் திருப்புகிற அதே நொடியில் திரையில் எல்லாம் சேர்ந்து தெரியும். சொட்டுப் பிரச்சினை தீர்ந்த அன்று மூன்று பேரும் கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம். மனிதர்களைப் பற்றிய பிரச்சினை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

கல்யாண வரவேற்பில், செத்துப்போன தாத்தாவைத் திரையில் நிற்கவைத்து வருகிறவர்களைக் கும்பிட வைக்கும் கடைகள் அப்போது தெருவுக்குத் தெரு வந்திருந்தன. போனில் இருக்கும் வீடியோ, பேச்சு, நடை எல்லாவற்றையும் கொடுத்தால் போதும், ஆளைச் செய்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தாத்தாக்கள் கும்பிடுவதோடு சரி. எங்கள் படத்தில், திரையில் மட்டும் நடமாடும் உருக்கள் அப்படியல்ல. அவை இடத்தைப் பார்க்கும். எது திறக்கும், எது திறக்காது, எங்கே தண்ணீர், எங்கே வெளிச்சம் என்று பார்த்து, அந்த மனிதர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ அதைத் தானே முடிவு செய்யும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் கல்லூரி எங்களுக்கு ஸ்டுடியோவின் பாதியை ஒதுக்கிக் கொடுத்தது.

உருக்கள் இடத்தைப் புரிந்துகொள்ள ஒரு எளிய வழி வைத்திருந்தோம். மேசைமேல் அசைகிற பொருள் எதுவாக இருந்தாலும் மெர்லின் அதில் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டிவிடுவாள். கம்பி போட்ட ஜன்னலின் கதவு, அலமாரிக் கதவு, குளியலறைத் தாழ்ப்பாள். பச்சை தெரிந்தால் "இது திறக்கும்" என்று என் புரோகிராம் எடுத்துக்கொண்டு, உரு தள்ளும்போது அதைத் திரையில் திறந்து காட்டும். பச்சை இல்லாவிட்டால் அது சுவர்.

நாங்கள் எடுத்த கதை நிஜத்தில் நடந்தது. சென்னைக்கு வெளியே, ஏரிக்குக் கீழே இருந்த பெண்கள் விடுதி. முந்தைய கார்த்திகையில் ஏரிக்கரை உடைந்தது. விடுதிக் காப்பாளர் வழக்கம்போல வெளியிலிருந்து கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு சாவியோடு வீட்டுக்குப் போயிருந்தார். தரைத்தளத்து அறையில் ஒன்பது பெண்கள். எட்டுப் பேரின் உடல் கிடைத்தது. ஒன்பதாவது பெண் சுகப்பிரியா. மறுநாள் தண்ணீர் வடியும்போது அறையின் பின்சுவர் இடிந்து விழுந்தது. அந்த வழியாகப் போனதெல்லாம் பின்னாலிருந்த கால்வாயில் போயிற்று என்று விசாரணைக் குழு எழுதிவிட்டு முடித்துக்கொண்டது.

ஒன்பது குடும்பங்களும் சம்மதித்துப் பெண்களின் பழைய போன்களையும் வீடியோக்களையும் கொடுத்தன. கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று மெர்லின் சொல்லிவிட்டாள். மற்றவர்கள் ஒருமுறை வந்தார்கள், அல்லது வரவேயில்லை. விடாமல் வந்தவர்கள் இரண்டே பேர்.

ஒருவர் சுகப்பிரியாவின் அப்பா முனிரத்தினம். ஆரணியில் அரசு பஸ் கண்டக்டர். இன்னொருவர் பூங்காவனம். திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிற அம்மா. அவர் மகள் ஜீவிதாவும் சுகப்பிரியாவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பெண்கள் இருந்தபோது பெற்றவர்களுக்குள் அறிமுகமில்லை. பிணவறை வாசலில்தான் பழகினார்களாம். அதன் பிறகு பூங்காவனம் "அண்ணே" என்பார், முனிரத்தினம் "என்னம்மா" என்பார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் வருவார்கள். பூங்காவனம் எங்களுக்குப் புளிச்சாதம் கட்டி எடுத்துவருவார்.

முதன்முறை தண்ணீர் இல்லாமல் உருக்களை ஓட்டிக் காட்டினோம். சாயங்கால நேரம், விடுதி அறை, பெண்கள் வேலை முடிந்து வந்திருக்கிறார்கள். நாற்காலி போட்டும் முனிரத்தினம் உட்காரவில்லை.

"முப்பது வருஷமா ஓடற பஸ்ல நின்ன காலும்மா. உக்காந்தா வலிக்குது," என்றார்.

திரையில் சுகப்பிரியா பின்சுவர் ஓரமாக இருந்த இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் வந்து உட்கார்ந்தாள். தலைமுடியைச் சுருட்டி அதில் ஒரு பேனாவைக் குத்தினாள். ஜீவிதா பின்னாலிருந்து அந்தப் பேனாவை உருவினாள். முடி அவிழ்ந்து விழுந்தது. சுகப்பிரியா தலையணையை எடுத்து எறிந்தாள். இதில் எதையும் நாங்கள் செய்யச் சொல்லவில்லை. அந்த இரண்டு உருக்களும் தாமாகச் செய்தன.

"பாத்தியாம்மா, உம்பொண்ணு சேட்டைய!" என்று முனிரத்தினம் சிரித்தார்.

"அவ வீட்லயும் இப்பிடித்தான் அண்ணே. என் சீப்பைத் தூக்கினு ஓடுவா," என்று பூங்காவனம் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. ஏதோ பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

போகும்போது முனிரத்தினம் இன்னொன்றும் சொன்னார். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதை எரித்துக் காரியம் செய்வார்களாம். அவர் மனைவி கஸ்தூரி, ஆடி அமாவாசைக்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்கிறாராம்.

"எனக்கு மனசே இல்லம்மா. ஆனா அவ தூங்கி ஒரு வருஷம் ஆகப்போவுது. பொண்ணு நனைஞ்ச துணியோட வாசல்ல நிக்கறா மாதிரியே இருக்குதுன்றா. சரி, செஞ்சிடலாம்னு சொல்லிட்டேன்."

ஆடி பிறந்ததும் துறைக்கு முன்னேற்றம் காட்டும் நாள் வந்தது. முதல் தண்ணீர் ஓட்டம். நனைந்தால், மேசைமேல் நிற்கும் மாதிரி விடுதியைக் காயவைத்துப் பழுது பார்க்க ஒரு வாரம் பிடிக்கும் என்பதால் அதுவரை நாங்கள் முழுதாக ஓட்டிப் பார்த்ததே இல்லை. துறைத் தலைவர் முன்வரிசையில். அவருக்குப் பின்னால் பூங்காவனம் உட்கார்ந்திருந்தார், முனிரத்தினம் நின்றிருந்தார். வர வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தோம். "கடைசி நேரத்துல புள்ளைங்க கூட இல்ல. இப்பவாச்சும் இருக்கறோம்," என்றார் பூங்காவனம். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

மெர்லின் பம்பைப் போட்டாள். கதவிடுக்கில் தண்ணீர் வந்தது. திரையில் அது பயங்கரமாகவே இருந்தது. சொட்டுகூட சரியான அளவில் தெறித்தது. பெண்கள் எழுந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கிரில் கேட்டுக்கு ஓடி அதைப் பிடித்து ஆட்டினார்கள். எட்டுப் பேர். சுகப்பிரியா மட்டும் கட்டிலருகே நின்றாள். திரும்பினாள். பின்சுவரில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினாள். சுவர் கதவு மாதிரி திறந்தது. அவள் வெளியே போனாள்.

சுவருக்கு அப்பால் நாங்கள் எதையும் கட்டியிருக்கவில்லை. கறுப்புத் துணிதான் தொங்கியது. அந்தக் கறுப்புக்குள் போய் அவள் மறைந்தாள்.

"போயிட்டா!" முனிரத்தினத்தின் குரல் ஸ்டுடியோவை அதிரவைத்தது. "எம்பொண்ணு வெளிய போயிட்டா! போ பாப்பா, போ! ரைட்! ரைட்!"

பஸ்ஸைக் கிளப்புகிற அதே குரல். பக்கத்துத் தூணைக் கையால் இரண்டு தட்டு தட்டினார். அழுதார், சிரித்தார், இஷாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எங்களுக்கும் உடம்பு சிலிர்த்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒருவேளை அந்தச் சுவர் முன்பே இடிந்திருக்குமோ, யாருக்கும் தெரியாததை எங்கள் மேசை கண்டுபிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். "இதுதான் உங்கள் படம். இந்த ஒரு காட்சி போதும்," என்று துறைத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

பூங்காவனம் கைதட்டவில்லை, அழவும் இல்லை. ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஏண்ணே," என்றார். "உங்க பொண்ணு எம்பொண்ணைக் கூப்பிடலியே."

முனிரத்தினத்துக்குக் கேட்கவில்லையோ என்னவோ, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வழி இருக்குதுன்னு ஒரு குரல் குடுத்திருக்கலாமே. பக்கத்துக் கட்டில்தானே. ஒரே ஒரு குரல்." கொண்டுவந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். அன்று இரண்டு பேரும் வேறு வேறு பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் மெர்லின் என்னை மேசைக்குக் கூப்பிட்டாள். காய்ந்த பின்சுவரைக் கையில் வைத்திருந்தாள். மினியேச்சர் கட்டுகிறவர்கள் எந்த அறையிலும் ஒரு சுவரைக் கழற்றி மாட்டுகிற மாதிரிதான் செய்வார்கள். இல்லாவிட்டால் கேமரா எப்படி உள்ளே போகும்? இந்தச் சுவரும் காந்தத்தில் நிற்பதுதான்.

"இதைப் பாரு," என்றாள். சுவரின் நான்கு மூலைகளிலும் பச்சைப் புள்ளி.

"நீதான ஒட்டின?"

"அசையற பொருளுக்கெல்லாம் ஒட்டணும்னு நீதான சொன்ன? சுவர் மாட்டியிருக்கா கழட்டியிருக்கான்னு கேமராவுக்குத் தெரியணுமேன்னு ஒட்டினேன்."

சுகப்பிரியாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. மிக அருகில் பச்சை தெரிந்தது. பச்சை என்றால் கதவு. அவள் திறந்தாள். அவ்வளவுதான் விஷயம். மேசையில் வேலை செய்பவர்களின் வசதிக்காகக் கழற்றி மாட்டிய சுவர் வழியாக ஒரு பெண் உயிரோடு வெளியே போயிருந்தாள். தப்பில் பாதி மெர்லினுடையது, பாதி என்னுடையது. பங்கு பிரித்து என்ன பயன்?

அன்றைக்கே முனிரத்தினத்துக்குப் போன் செய்து வரச்சொன்னோம். அதற்குள் அவர் ஆடி அமாவாசைக் காரியத்தை நிறுத்திவிட்டிருந்தார். கையில் ஒரு கட்டு நோட்டீஸோடு வந்தார். சுகப்பிரியாவின் படம், "காணவில்லை" என்ற பெரிய எழுத்து. கால்வாய் போகிற ஊர்களில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, காப்பகம் காப்பகமாகக் கொடுத்து வருகிறாராம். தலையில் அடிபட்டு நினைவில்லாமல் எங்கேயாவது இருப்பாளாம்.

மெர்லின்தான் சொன்னாள். சுவரைக் கழற்றிக் காட்டினாள், மாட்டிக் காட்டினாள், புள்ளியைக் காட்டினாள். அவர் நின்றபடியே கேட்டார்.

"ஆனா நெசமாவே சுவரு இடிஞ்சுதேம்மா."

"மறுநாள், தண்ணி வடியறப்பதான் அங்கிள். பக்கத்து மாடியில இருந்தவங்க பாத்துருக்காங்க."

அவர் நோட்டீஸ் கட்டை மேசையில் வைத்தார். பிறகு மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதை வேற யாருக்காச்சும் சொன்னீங்களா?"

"இல்ல. உங்ககிட்டதான் முதல்ல."

"சொல்லாதீங்க."

"பூங்காவனம் அம்மா?" என்றாள் மெர்லின். "அவங்க உங்க பொண்ணு மேல கோவமா இருக்காங்க அங்கிள். அவங்களுக்கு..."

"தெரியும். தினம் எனக்குப் போன் போட்டுத் திட்டுது. எம்பொண்ணைச் சுயநலக்காரின்றது, பாவின்றது. திட்டட்டும்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "செத்தவளை யாராச்சும் திட்டுவாங்களா? உசுரோட இருக்கறவளைத்தானே திட்டுவாங்க. அந்தம்மா திட்டத் திட்ட, எம்பொண்ணு எங்கியோ இருக்கறா மாதிரியே இருக்குது. அதைக் கெடுத்துடாதீங்க."

இஷாக் தலையைத் திருப்பிக்கொண்டான். நான் சரி என்றேன். மெர்லின் சுவரைக் கழற்றி மேசையோரத்தில் சாய்த்துவைத்தாள்.

ஏன் சரி என்றேன்? அவர்மேல் இரக்கம், அது பொய்யில்லை. ஆனால் துறைத் தலைவர் கைதட்டிய காட்சி போய்விடுமே என்ற பயமும் கூடவே இருந்தது. இரக்கமும் மார்க்கும் ஒரே பக்கம் நின்றுவிட்டால் மனிதனுக்கு வாய் திறக்காது. மெர்லினுக்கு இதில் மார்க் ஒரு பொருட்டே இல்லை. "அந்தம்மா வயிறு எரியுது, தாரணி. நம்ம சுவரால எரியுது," என்று ஒருநாள் சொன்னாள். பிறகு என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். மாதிரி விடுதியின் மற்ற எல்லாவற்றையும் பழுது பார்த்தாள். அந்தச் சுவரை மட்டும் தொடவில்லை. அது மேசையோரத்தில் சாய்ந்தே கிடந்தது.

ஆவணி முழுதும் இப்படிப் போயிற்று. பூங்காவனம் ஒருமுறை தனியாக வந்தார். அந்தக் காட்சியை மட்டும் போடச் சொன்னார். பதிவைப் போட்டேன். சுகப்பிரியா சுவரைத் தள்ளும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அவள் முகத்துக்கு நேராகத் திரையருகே போய் நின்றார். "ஏண்டி, அவ உனக்குத் தலை பின்னி விட்டவதானே," என்று கேட்டார். பதிவுக்கு என்ன தெரியும்? நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

புரட்டாசி தொடங்கிய ஒரு மத்தியானம் முனிரத்தினம் காக்கிச் சட்டையோடு, தோள்பையைக்கூடக் கழற்றாமல் வந்தார். நோட்டீஸ் கட்டு இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"அந்தம்மா எங்க ஊட்டுக்கு வந்துச்சு," என்றார்.

மெர்லின் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்திச்சு. எம்பொண்ணைத் தனியா சாகவுட்டுட்டுப் போனவ எங்க இருந்தாலும் நல்லாருக்க மாட்டான்னு. தெருவே வேடிக்கை பாக்குது. நான் சிரிச்சிக்கினு நின்னுருக்கறேன். எனக்கே தெரியலம்மா நான் சிரிச்சது. கஸ்தூரிதான் சொன்னா." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "அன்னிக்கு அவ ஒண்ணும் பேசல. அடுத்த நாளு சோறு போடும்போது கேட்டா. ஏன்யா, அவ உசுரோட இருந்தா இத்தினி நாள்ல எனக்கு ஒரு போன் பண்ணியிருக்க மாட்டாளா? பண்ணாத பொண்ணா ஆக்கிட்டியே அவளை. சிநேகிதியையும் உட்டுட்டா, பெத்தவளையும் உட்டுட்டா. எம்பொண்ணு அப்பிடிப்பட்டவளான்னு கேட்டா."

அவர் தேம்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது.

"அவ அப்பிடிப்பட்டவ இல்லம்மா. பஸ்ஸுல கூட வந்தான்னா எல்லாரையும் ஏத்திவுட்டுட்டுக் கடைசியாத்தான் ஏறுவா. எனக்குத் தெரியும். அன்னிக்கு நீங்க போட்டுக் காட்டும்போதே தெரியும். இது எம்பொண்ணு இல்லன்னு மனசு சொல்லிச்சு. அது சொல்லச் சொல்லக் கேக்காமத்தான் ரைட் குடுத்தேன்."

மேசையருகே போனார்.

"அந்தப் புள்ளி எங்கம்மா இருக்குது?"

மெர்லின் சுவரை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிக்கெட் கிழித்துப் பழகிய கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு மூலையாகச் சுரண்டிப் புள்ளிகளை உரித்தார். உரித்ததை எங்கே போடுவதென்று தெரியாமல் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டார். பச்சையாக நான்கு புள்ளிகள்.

"இனிமே இது திறக்காதா?"

"திறக்காது," என்றேன்.

"ஆனா கையால எடுத்தா வந்துடுதே. அப்பிடி வேணாம். ஒட்டிடுங்க."

"ஒட்டினா கேமரா உள்ள போகாது அங்கிள்," என்று ஆரம்பித்த இஷாக்கை மெர்லின் பார்த்த பார்வையில் அவன் நிறுத்திக்கொண்டான். அவள் காந்தங்களைப் பெயர்த்துவிட்டு, ஓரமெல்லாம் பசை தடவி, சுவரை அவரிடமே கொடுத்தாள். அவர் அதை அதன் இடத்தில் வைத்தார். சுகப்பிரியாவின் சின்னக் கட்டில் உள்ளே இருந்தது. மெர்லின் தைத்த தலையணையும் இருந்தது. சுவர் அதை மறைத்தது.

"காயற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும்," என்றாள் மெர்லின்.

உள்ளங்கையை விரித்து அவர் பிடித்துக்கொண்டார். நின்றபடியே. நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பசை காய்ந்ததும் மெர்லின் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"விடலாம் அங்கிள். பிடிச்சுக்கிச்சு."

"இன்னும் கொஞ்ச நேரம்மா," என்றார்.

மகாளய அமாவாசைக்கு முந்தைய வாரம், கூரையைப் பெயர்த்து மேலிருந்து கேமராவை இறக்கி, மறுபடி தண்ணீர் ஓட்டம் வைத்தோம். இந்த முறை துறைத் தலைவரைக் கூப்பிடவில்லை. பூங்காவனத்துக்கு மெர்லினே போன் செய்து, நாங்கள் செய்த தப்பை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நம்பவில்லை. "பொண்ணைக் காப்பாத்த அந்தாளு சொல்லிக்குடுத்துப் பேசறீங்க," என்றாராம். ஆனாலும் வந்தார். முனிரத்தினத்திடமிருந்து விலகி, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

தண்ணீர் ஏறியது. எட்டுப் பேர் கேட்டுக்கு ஓடினார்கள். சுகப்பிரியா கட்டிலருகே நின்றாள். திரும்பினாள். பின்சுவரில் கைகளை வைத்துத் தள்ளினாள். அது அசையவில்லை. மறுபடி தள்ளினாள். பிறகு விட்டுவிட்டு, தண்ணீரில் நடந்து கேட்டுப் பக்கம் போனாள். கூட்டத்துக்குள் கையை நீட்டி ஜீவிதாவைப் பிடித்து இழுத்தாள். கட்டிலுக்குக் கூட்டிவந்தாள். முதலில் அவளை மேல்கட்டிலுக்கு ஏற்றிவிட்டாள். பிறகு தான் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜீவிதா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அங்கே இஷாக் விளக்கை அணைத்துவிட்டான். அதற்கு மேல் காட்டுவதில்லை என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம்.

எனக்கு ஒன்று தெரியும். இதுவும் ஊகம்தான். ஒரு வழி மூடியதும் உரு வேறு கணக்கைப் போட்டது, அவ்வளவுதான். அந்த அறையில் நிஜமாக என்ன நடந்தது என்று என் கம்ப்யூட்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல் ஊகம் ஒரு தாயை மண் வாரித் தூற்ற வைத்தது. இரண்டாவது என்ன செய்யப்போகிறதோ என்று இருட்டில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

விளக்கு வந்தது. பூங்காவனம் எழுந்தார். நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து முனிரத்தினத்தின் முன்னால் நின்றார்.

"அண்ணே," என்றார்.

முனிரத்தினத்தின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

"என் வாயி அழுவிப்போவ. தங்கத்தைப் போயி என்னென்ன சொல்லிட்டேன் அண்ணே. உம்பொண்ணு எம்பொண்ணைத் தனியா வுடல. கையைப் புடிச்சிக்கினு இருந்தா. அது போதும்ணே எனக்கு. அது போதும்."

"பரவால்லம்மா. பரவால்ல. நீ என்ன தெரிஞ்சா சொன்னே?" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூங்காவனம் முகம் கழுவப் போனார். முனிரத்தினம் தோள்பையை மாட்டிக்கொண்டார். மெர்லின் அவருக்குக் கொடுக்க அந்தச் சின்னத் தலையணையை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். காய்ந்திருக்கவில்லை, ஈரமாக இருந்தது. அவர் வாங்கிப் பிரித்துப் பார்த்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அமாவாசை அன்னிக்கு ஆரணிக்கு வாங்க, மூணு பேரும். புல்லுல உருவம் செய்றவருக்குச் சொல்லியாச்சு. கஸ்தூரி நேத்து ராத்திரி தூங்கினாம்மா. ரொம்ப நாளைக்கு அப்புறம்."

"வரோம் அங்கிள்," என்றேன். அந்த அம்மா தூங்கினார் என்றதும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. எல்லாம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

வாசலிலிருந்து பூங்காவனம் கூப்பிட்டார். "அண்ணே, வாங்க, ஒரே பஸ்ஸுல போயிடலாம்."

"தோ வரேம்மா," என்று குரல் கொடுத்துவிட்டு அவர் ஒரு நிமிடம் மாதிரி விடுதியைப் பார்த்து நின்றார். அதிலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. பின்சுவர் அப்படியே நின்றது.

"நல்ல பசைதான்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"இனிமே எம்பொண்ணைத் திட்டறதுக்கு ஒருத்தருமே இல்லம்மா."